மங்கம்மா பிடித்த கயிறு

ஜூன் 9, ஞாயிறு

ஓசூரில் கிளம்பும்போது தூறல். இராயக்கோட்டை தாண்டும்போது வெயில். கெம்பகானப்பள்ளிக்குத் திரும்பும் மண்பாதையில் வண்டியை நிறுத்திவிட்டு, திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். அப்புறம், நான் ஏன் போகவேண்டும் என்று தோன்றியது. வீட்டைப் பிரித்தோம், பாத்திரங்களைப் பிரித்தோம். பாறையைப் பரணிக்குக் கொடுத்ததாக எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை.

அது திம்மராயன் அண்ணனின் நிலத்தில் இருக்கும் பாறை. அவருடைய தக்காளித் தோட்டம் முடிந்து புளியமரங்கள் தொடங்கும் இடத்தில் நிற்கிறது. நாலு மாடி உயரம் இருக்கும். அதை யாரும் மலை என்று சொல்லமாட்டார்கள். ஊரில் அதன் நிழலில் மாடு கட்டுவார்கள், அவ்வளவுதான். ஆனால் முன்பக்கம் சுவர்போல் நேராக இறங்கும். விரல் நுழையும் வெடிப்புகள் உண்டு, கால் நுனி வைக்க விளிம்புகள் உண்டு. பாறை ஏறுகிறவர்களுக்கு அது போதும்.

ஆறு வருடத்துக்கு முன், வேறெங்கோ போகிற வழியில் நானும் பரணியும் சாலையிலிருந்து அதைப் பார்த்தோம். தோட்டத்துக்குள் போய் அனுமதி கேட்டோம். அண்ணன் எங்களை மேலும் கீழும் பார்த்தார். என் கழுத்தைப் பார்த்தார்.

"புருசன் பொண்டாட்டியா வர்றீங்க, வந்துட்டுப் போங்க. பசங்களக் கூட்டிக்கினு வந்து குடிக்கறது, பாட்டுப் போடறது, அதெல்லாம் ஆவாது," என்றார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் இத்தனை வருடமும் ஏறினோம். பாறையில் துளைபோட்டு, கயிறு மாட்ட போல்ட் அடித்து, ஒன்பது வழிகள் உண்டாக்கினோம். பரணி அதைச் சொல்லும்போது எல்லாம் தான் போட்டதாகச் சொல்வான். மூன்று நான் போட்டவை.

இன்று மங்கம்மா அக்கா களை எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணனின் மனைவி. என்னைப் பார்த்ததும் எழுந்து, என் முதுகுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தார்.

"சார் வரலியா?"

"முட்டி வலிக்கா. டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கார்."

"அடப் பாவமே. இந்தப் பாறைய ஏறி ஏறித்தான்."

விவாகரத்துத் தீர்ப்பு ஏப்ரலிலேயே வந்துவிட்டது. ஆனால் வரப்பில் நின்றுகொண்டு சொல்கிற விஷயமா அது? கழுத்தில் ஒரு செயின் போட்டுக்கொண்டு போயிருந்தேன். சட்டைக்குள் கிடந்ததால் அது என்ன செயின் என்று யாருக்கும் தெரியாது.

கயிறுகள் பரணியிடம் போய்விட்டன. எனக்கு வந்தது குக்கரும் வாஷிங் மெஷினும். பாறையடியில் கிடந்த சருகைப் பெருக்கிவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

ஜூன் 12, புதன்

பரணியிடமிருந்து மெசேஜ். 'பாறைக்கு ஒரு வாரம் நீ, ஒரு வாரம் நான் என்று வைத்துக்கொள்ளலாமா? எதிரெதிரே பார்த்துக்கொள்ளாமல் இருக்கலாம்.' நல்லவனாக இருப்பதில் அவனை யாரும் மிஞ்சமுடியாது. பாறை என்ன, வாரக்கடைசியில் அப்பா வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் மாற்றி மாற்றிப் போகிற குழந்தையா?

பதில் போடவில்லை. புதுக் கயிறு ஆர்டர் செய்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

கயிறு இருந்தால் மட்டும் போதாது. ஒருவர் ஏறினால், கீழே இன்னொருவர் நின்று கயிறு பிடிக்கவேண்டும். விழுந்தால் தாங்குவது அந்த ஆள்தான்.

எங்கள் கம்பெனி தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் என் பக்கத்து மேசை ஜெசிந்தாவைக் கூட்டிப்போனேன். பாறையின் பின்பக்கமாக நடந்து மேலே போகலாம். போய் உச்சியில் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டு வந்தேன். சுலபமான வழியில் பாதி ஏறிக் கீழே பார்த்தால், ஜெசிந்தா ஒரு கையில் கயிறும் ஒரு கையில் போனுமாக நின்றுகொண்டிருந்தாள். இறங்கிவிட்டேன். வழியெல்லாம், வெயிலில் முகம் கறுத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஜூலை 7, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதவேண்டும்.

தனியாகத்தான் போனேன். கயிற்றைத் தொங்கவிட்டுவிட்டு அடியில் உட்கார்ந்திருந்தேன். மங்கம்மா அக்கா மாட்டுக்குப் புல் அறுக்க வந்தவர், அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"ஏறாம இன்னா பண்ற?"

"கயிறு பிடிக்க ஆள் இல்லக்கா."

"நான் புடிச்சா ஆவாதா?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கெணத்துல தண்ணி சேந்தனவ நானு. மாட்டக் கயித்தோட இழுத்தவ. நீ எம்மாங் கனம் இருப்ப? ரெண்டு பொட்டி தக்காளி இருப்பியா?"

சேலைக்கு மேலேயே பெல்ட்டைக் கட்டிவிட்டேன். கயிறு ஓடும் கருவியைக் காட்டினேன். ஆள் விழுந்தால் அது தானே இறுகிக்கொள்ளும், கீழே இறக்கும்போது மட்டும் இந்தப் பிடியை மெல்ல இழுக்கவேண்டும், வேகமாக இழுத்தால் மேலே இருப்பவர் கல் மாதிரி வந்து விழுவார் என்று சொன்னேன். வலது கையைக் கயிற்றிலிருந்து எடுக்கவே கூடாது.

"தேனீ கொட்டுனா?"

"கொட்டினாலும்."

"எங்கூட்டு ஆளு வந்து கத்துனா?"

"கத்தினாலும். கயிறு பிடிக்கிறவங்கள யாரும் தொடக்கூட கூடாதுக்கா. அதுதான் முதல் சட்டம்."

ஏறினேன். பாதியில் வேண்டுமென்றே கையை விட்டுப் பார்த்தேன். கயிறு அரையடிகூட இறங்கவில்லை. கீழே அக்கா இரண்டு காலையும் அகட்டி ஊன்றி, பல்லைக் கடித்து, அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை கவனமாக என்னை யாரும் பார்த்து நெடுநாள் ஆகிறது.

இறக்கிவிட்டதும் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உசுரு கையில ஓடற மாதிரி இருக்குது," என்றார்.

ஜூலை 21, ஞாயிறு

நாலு தடவை ஏறினேன். அக்கா ஒரு தடவைகூட கண்ணை எடுக்கவில்லை. பரணி கயிறு பிடிக்கும்போது அவ்வப்போது பறவை பார்ப்பான்.

திம்மராயன் அண்ணன் மோட்டார் கொட்டகையிலிருந்து வந்து, மனைவி பெல்ட் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். "இவள நம்பி ஏறறியாம்மா நீ? இவ கொழம்புல உப்புப் போடறதயே மறக்கறவ." அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. வலது கை கயிற்றிலேயே இருந்தது. அவர் போனபிறகு, "பாத்தியா, கத்துனாலும் விடல," என்றார்.

"சாருக்கு முட்டி எப்டி கீது?"

"பரவாயில்லக்கா."

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஏறி முடித்ததும் அக்கா ராகிக் களியும் கீரைக் கடைசலும் கொண்டுவந்தார். புளியமர நிழலில் சாப்பிட்டோம். சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, எந்த முன்னுரையும் இல்லாமல் சொன்னார். அண்ணனுக்கு இராயக்கோட்டையில் இன்னொரு குடும்பம் இருக்கிறது. அக்காவின் மகள் வயதுக்கு வந்த வருடத்திலிருந்து. இராயக்கோட்டைக்காரிக்கு ஒரு பையன். தக்காளி மண்டிக்குப் போகிற நாளெல்லாம் அங்கேதான்.

"ஊருக்கே தெரியும். எங்கிட்ட யாரும் பேசமாட்டாங்க, நானும் யாருகிட்டயும் பேசனதில்ல. எம் பொண்ணுகிட்டகூட. உங்கிட்டத்தான் சொல்றன்."

"ஏன்க்கா சும்மா இருக்கீங்க?"

"இன்னா பண்றது? நெலம் அவரு பேர்ல. எங்கப்பன் வூட்ல அண்ணன் பொண்டாட்டி கீறா." கொஞ்சம் களியை உருட்டினார். "உங்கூட்டுக்காரரு தங்கம். ஆறு வருசம் பாத்தன். நீ கீழ எறங்குனா மொத வேலயா தண்ணி பாட்டல நீட்டுவாரு."

ஆமாம். நீட்டுவான்.

அந்த இடத்தில் நானும் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் தன் வாழ்நாள் பாரத்தை இறக்கிவைக்கும்போது, நடுவில் என் கதையைக் கொண்டுபோய் வைப்பது மரியாதையில்லை. கேட்டுக்கொண்டேன். கேட்பதும் ஒரு உதவிதான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஆபீஸில் ஆடிட். வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியேற்ற மறுக்கிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மழை. பாறை முழுக்க நீர்க்கோடுகள். ஏறமுடியவில்லை. கொட்டகையில் அக்காவோடு செண்டுமல்லி நாற்று பிரித்துக்கொண்டிருந்தேன். ஆயுதபூஜைக்குப் பூ வரவேண்டும் என்று போடுகிறார்கள். கிளம்பும்போது ஒரு கட்டு முடக்கத்தான் கீரை கொடுத்தார். விடிகாலையில் வேலியோரம் தேடிப் பறித்தாராம்.

"அரிசியோட அரைச்சு தோச ஊத்திக் குடு. முட்டிக்கு இத மாதிரி ஒண்ணு இல்ல."

வாங்கிக்கொண்டேன். மறுத்தால் ஏன் என்று கேட்பார்.

இரவு தோசை ஊற்றி நானே சாப்பிட்டேன். கசந்தது.

ஆகஸ்ட் 24, சனி

யாரோ போட்ட போட்டோவில் பரணியும் ஒரு பெண்ணும். பெங்களூரில் ஏதோ உள்ளரங்கு ஏறுசுவர். பெயர் ரேவா. மே மாதம் கற்றுக்கொள்ள வந்தவள் என்று பொது நண்பர்கள் சொல்கிறார்கள். மே என்றால் தீர்ப்புக்குப் பிறகு. எல்லாவற்றையும் முறைப்படி செய்கிறவன்தான்.

பிரியலாம் என்று முதலில் சொன்னது நான். அவன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்காக ஆறு மாதத்துக்குள் இப்படிச் சிரிக்கவேண்டுமா?

செப்டம்பர் 1, ஞாயிறு

போனதுமே தெரிந்தது. அக்கா பெல்ட்டை வாங்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். தொட்டியைக் கழுவினார். மறுபடி கழுவினார்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுங்க."

"புதங்கெழம சார் வந்தாரு." என்னைப் பார்க்காமல் சொன்னார். "முட்டியெல்லாம் நல்லாத்தான் கீது. ஒரு பொண்ணக் கூட்டிக்கினு வந்தாரு. சின்னப் பொண்ணு. நான் கொட்டாயில இருந்தன், என்னப் பாக்கல. எங்கூட்டு ஆளு, யாரோ கூட வேல செய்யறவங்கன்னாரு. வேல செய்யறவங்க எப்டி நிப்பாங்க, எப்டி நிக்கமாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? அவ எறங்குனதும் தண்ணி பாட்டல நீட்டுனாரு."

அந்த நிமிடத்தில்தான் சொல்லியிருக்கவேண்டும் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. ஆனால் அந்தக் கடைசி வார்த்தை. அழுகை வந்துவிட்டது. அது நடிப்பில்லை. நிஜமாகவே வந்தது.

அக்கா ஈரக் கையோடு என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "அழுவாத. உனக்குத் தெரியுமா முன்னயே?"

தலையசைத்தேன். தெரியும்தானே. போட்டோவில் பார்த்தேனே.

"எனக்கு நடந்தது உனக்கும் நடக்கணுமா," என்றார். அவர் குரல் வேறாக இருந்தது. "நான் அன்னிக்கு வாயத் தொறந்திருக்கணும். நடுத்தெருவுல நிக்கவெச்சுக் கேட்டிருக்கணும். இந்தப் பக்கம் மறுபடி அந்தப் பொண்ணோட வரட்டும், நான் கேக்கறன்."

"வேண்டாம்க்கா," என்றேன். சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் சொன்னேன்.

செப்டம்பர் 4, புதன்

அக்கா தன் போனிலிருந்து கூப்பிட்டார். சாப்பிட்டாயா என்று கேட்க. நேற்றும் கூப்பிட்டார்.

அடுத்தமுறை நேரில் சொல்லிவிடலாம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

'குளவி'யை ஏறிவிட்டேன்.

பாறையில் ஆகக் கடினமான வழி அது. நடுவில் கையை எங்கும் வைக்கமுடியாத வழவழப்பான வயிறு ஒன்று பிதுங்கி நிற்கும். அதைத் தாண்டுகிற இடத்தில் முன்பு குளவிக்கூடு இருந்ததால் பரணி வைத்த பெயர். அவன் போட்டு, அவன் முதலில் ஏறியது. நான் வருடக்கணக்கில் அந்த வயிற்றுக்குக் கீழேயே விழுந்துகொண்டிருந்தேன். அவன் கீழிருந்து, "உனக்குக் கை எட்டாது எழில், உயரம் பத்தாது, விட்டுடு," என்பான். அன்பாகத்தான் சொல்வான்.

மேலிருந்து தொங்கவிட்ட கயிறு வேண்டாம் என்று முடிவு செய்தேன். கயிற்றை இடுப்பில் கட்டிக் கூடவே இழுத்துக்கொண்டு, போல்ட் போல்ட்டாக மாட்டிக்கொண்டு ஏறுவது. விழுந்தால் தூரமாக விழவேண்டும். அக்காவிடம் விளக்கினேன். கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மண்ணில் கால் ஊன்றினார்.

வயிற்றின் அடியில் கை நழுவத் தொடங்கியபோது கீழிருந்து குரல் வந்தது. "நான் கீறன். நீ போ."

இடது காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைத்து எழுந்தேன். எட்டியது. உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

உச்சியில் உட்கார்ந்து பார்த்தால் தக்காளிக் கொடிகள், செண்டுமல்லிப் பாத்திகள், கீழே சின்னதாக அக்கா. இரண்டு கையும் கயிற்றில் இருந்ததால் கையசைக்க முடியாமல் தலையை ஆட்டினார்.

இறங்கியதும் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "அந்தாளு பாக்கணும் இத," என்றார்.

இன்று எப்படிச் சொல்வது? இந்த ஒரு நாளை விடுங்கள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

போகவில்லை. அம்மா வீட்டில் விசேஷம். சித்தப்பா, "தனியா எப்படிம்மா பொழுது போகுது," என்று பந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். பாறை ஏறுகிறேன் என்றேன். யாருக்கும் புரியவில்லை.

செப்டம்பர் 21, சனி

மதியம் பரணி கூப்பிட்டான். நம்பரைப் பார்த்து எடுக்காமல் விட்டேன். மறுபடி மறுபடி அடித்தது. எடுத்தேன்.

"அந்தம்மாகிட்ட என்ன சொல்லி வெச்சிருக்க?"

பின்னால் ஆஸ்பத்திரி சத்தம். முதலில் புரியவில்லை. பிறகு துண்டு துண்டாகச் சொன்னான். காலையில் அவனும் ரேவாவும் பாறைக்குப் போயிருக்கிறார்கள். ரேவா ஏறி முடித்துவிட்டாள். அவன் அவளைக் கயிற்றில் இறக்கிக்கொண்டிருந்திருக்கிறான். மங்கம்மா அக்கா தோட்டத்திலிருந்து கத்திக்கொண்டே வந்திருக்கிறார். கட்டிய பொண்டாட்டி வீட்டில் அழுதுகொண்டிருக்க இங்கே என்ன கூத்து என்று. தக்காளி பறிக்க வந்த பெண்கள் எல்லோரும் வரப்பில் நின்று பார்த்திருக்கிறார்கள். அவன் திரும்பவில்லை; திரும்பமுடியாது. அக்கா அவன் தோளைப் பிடித்து இழுத்திருக்கிறார். தடுமாறினதில் கருவியின் பிடியை முழுதாக இழுத்துவிட்டான். ரேவா ஒரு ஆள் உயரத்துக்கு மேலிருந்து அப்படியே வந்து விழுந்திருக்கிறாள்.

"கணுக்கால் ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு. கொஞ்சம் முன்னாடி இழுத்திருந்தா முதுகெலும்பு, எழில். கேக்குதா?"

"கேக்குது."

"நான் உன்ன ஏமாத்தறேன்னு அவங்க நெனச்சிட்டிருக்காங்க. நமக்கு டிவோர்ஸ் ஆயிடுச்சுன்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது. டிவோர்ஸ் ஆயிடுச்சு, கேட்டதே நீதான்னு அத்தன பேர் முன்னாடி நான் கத்திச் சொல்லவேண்டியதாப் போச்சு. அந்தம்மா அப்படியே நின்னுட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் ஓடி வந்து எல்லார் முன்னாடியும் அவங்கள அறைஞ்சார். ஒரு தடவை இல்ல."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நீ அவங்ககிட்ட சொல்லவே இல்லயா?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்தேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

போனேன். மண்பாதையின் முனையில் முள் வெட்டிப் போட்டிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு வரப்பு வழியாக நடந்தேன். தக்காளி பறிக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அண்ணன் இல்லை, மண்டிக்குப் போயிருப்பார்.

அக்கா கொட்டகை வாசலில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். இடது கன்னம் வீங்கி, கண் பாதிதான் திறந்திருந்தது. என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.

"அக்கா."

ஊசி போய் வந்தது.

"நான் பொய் சொல்லலக்கா. நீங்களா நெனச்சுக்கிட்டீங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன், அன்னிக்கு."

"முட்டி வலின்னு கீரை வாங்கினு போனியே."



"புருசன் பொண்டாட்டியா வந்தாத்தான் விடுவேன்னு அண்ணன் சொன்னாரு. நான் உண்மையச் சொன்னா என்னை விடமாட்டார்னு..."

"அந்தாளுகிட்ட சொல்லவேணாம். எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?" சாக்கைக் கீழே வைத்தார். குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கட்டுனவன வேணாம்னு தலைமுழுகுனவ நீ. அதுக்கு ஒரு தைரியம் வேணும். எனக்கு இல்ல அது. சொல்லியிருந்தீன்னா உன்னக் கையெடுத்துக் கும்புட்டிருப்பன். நீ இன்னாடான்னா என்ன மாதிரியே இருக்கறவன்னு சொல்லி எம் தோள்ல அழுத."

"நான் அப்படிச் சொல்லல."

"எங்கூட்டு கதைய நான் யாருக்கும் சொன்னதில்ல. உனக்குச் சொன்னன். நீ களியத் துன்னுக்கினு கேட்டுக்கினு இருந்த." வீங்கிய கண்ணிலிருந்து நீர் தானாக வழிந்தது, துடைக்கவில்லை. "கயிறு புடிக்கறவனத் தொடக்கூடாதுன்னு நீதான் சொன்ன. தெரிஞ்சுதான் தொட்டன். அந்தப் பொண்ணு மேல தொங்குது, தெரிஞ்சுதான் தொட்டன். உனக்காவத்தான். அது யாரு பெத்த பொண்ணோ. எங்கண்ணு முன்னாடி உழுந்து கத்துச்சு. அது கத்தனது எனக்குத்தான் கேக்குது, உனக்குக் கேக்காது."

பையிலிருந்து மருந்துக் களிம்பை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். கை நீட்டவில்லை. பக்கத்தில் கல்மேல் வைத்தேன்.

"எடுத்துக்கினு போ. அந்தாளு பாத்தா, எங்கேருந்து வந்துச்சும்பாரு."

எடுத்துக்கொண்டேன்.

"போ. இனிமே வராத."

திரும்பும்போது பாறை கண்ணில் பட்டது. பெரிய சம்மட்டியால் யாரோ கை எட்டும் உயரம்வரை போல்ட்டுகளை எல்லாம் அடித்து நசுக்கியிருந்தார்கள். நான் போட்ட மூன்று வழிகளிலும்தான்.

செப்டம்பர் 29, ஞாயிறு

பரணி பார்க்கவேண்டும் என்றான். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஹோட்டல். இளைத்திருந்தான். ரேவாவுக்குத் தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். மறுபடி ஏறுவாளா என்பது தெரியாது. அவள் அப்பா அக்காமேல் போலீஸில் புகார் கொடுக்கக் கிளம்பினாராம். அவன்தான் கெஞ்சித் தடுத்திருக்கிறான்.

"புகார் வரும்ங்கற பயத்துலயே திம்மராயன் தினமும் அந்தம்மாவ அடிக்கிறதாக் கேள்விப்பட்டேன். நீ ஒருதடவை போய் அவர்கிட்ட பேசு. தப்பு உம்மேலன்னு சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டேங்கறார். பொண்டாட்டி தானா எதையோ கட்டிவிட்டுக் கலாட்டா பண்ணிட்டான்னுதான் நெனச்சிட்டிருக்கார்."

"நான் போனா இன்னும் அடிப்பார்."

"நான் ஏமாத்தினேன்னு அவங்ககிட்ட சொன்னியா?"

"சொல்லல."

"இல்லைன்னு சொன்னியா?"

காபி வந்தது. சர்வர் இரண்டு டம்ளரையும் வைக்கும்வரை காத்திருந்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்கவில்லை. வருடக்கணக்கில் கூட இருந்தவன், கேட்காமலே தெரிந்துகொள்வான். அதுதான் எனக்கு அவனிடம் பிடிக்காதது.

"என்னைப் பழிவாங்க நெனச்சிருந்தா என்கிட்டயே செஞ்சிருக்கலாம்," என்றான். குடிக்காமல் எழுந்து போனான்.

நான் யாரையும் பழிவாங்க நினைக்கவில்லை. இதை எங்காவது எழுதிவைக்கவேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அக்டோபர் 5, சனி

வாஷிங் மெஷினைச் சரிசெய்ய ஆள் வந்தார். வடிகுழாயில் சாக்பீஸ் மாதிரி வெள்ளையாக அடைத்திருந்ததாம். ஏறும்போது கையில் பூசிக்கொள்ளும் பொடிதான். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். டீச்சர் என்றேன்.

அக்டோபர் 10, வியாழன்

அண்ணனிடம் போய்ப் பேசவேண்டும் என்று இந்த வாரம் முழுக்க நினைத்தேன். ஆயுதபூஜை நெருக்கத்தில் பூ அறுவடையில் இருப்பார்கள். இப்போது போனால் வேலை கெடும். முடியட்டும்.

அக்டோபர் 16, புதன்

என் நம்பரிலிருந்து கூப்பிட்டால் அக்கா எடுப்பதில்லை. பூஜையும் முடிந்துவிட்டது. ஒரே ஒரு தடவை குரலையாவது கேட்டுவிடவேண்டும் என்று இருந்தது. மன்னிப்பு கேட்பதாக இருந்தேன். இரண்டு மூன்று வாக்கியங்களை யோசித்தும் வைத்திருந்தேன். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு ஆபீஸ் போனிலிருந்து அடித்தேன்.

எடுத்தது திம்மராயன் அண்ணன்.

"யாரு?"

அவருக்குப் பின்னால் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். அக்காவின் இருமல்தான்.

"யாருன்னு கேக்கறன்ல. மங்கம்மாவுக்கா? அவ போனு இனிமே எங்கிட்டத்தான் இருக்கும். இன்னா வேணும், எங்கிட்ட சொல்லு."

இதுதான் நேரம். நான்தான் எழில், தப்பெல்லாம் என்னுடையது, அக்காமேல் கை வைக்காதீர்கள். இவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்தது. யோசித்து வைத்ததைவிடச் சின்னது.

"ராங் நம்பருங்க," என்றேன்.

"ராங் நம்பராம்," என்று அவர் உள்பக்கம் பார்த்துச் சொல்வது கேட்டது.

பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. பிறகு மறுபடியும் தொடங்கியது.